படை வந்து சேரும் முன்னே: ஊர்த் தன்னார்வலர்களைப் பேரிடருக்குத் தயார்படுத்துவது எப்படி?

"செப்டம்பர் முடிவதற்குள் உங்கள் பகுதியில் ஐம்பது தன்னார்வலர்களுக்குப் பேரிடர் பயிற்சி கொடுத்துவிடுங்கள்" என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிடுவார்கள். நீங்கள் தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளராக இருக்கலாம், கல்லூரியில் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலராக, ஊராட்சிச் செயலராக, தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலராக, குடியிருப்போர் சங்கச் செயலாளராகவும் இருக்கலாம். கையில் பணம் கொஞ்சம், நாள் அதைவிடக் கொஞ்சம். மண்டபம் பிடித்து, பேச்சாளரைக் கூப்பிட்டு, பேனர் அடித்து, சான்றிதழ் அச்சிட்டு, நிலநடுக்கம் முதல் தீ விபத்து வரை எல்லாத் தலைப்பையும் ஒரே நாளில் பேசி முடித்துப் படம் அனுப்பினால் கணக்கு தீர்ந்துவிடும். நவம்பரில் தண்ணீர் ஊருக்குள் வரும்போது, அந்த ஐம்பது பேரில் ஒருவருக்கும் தான் எங்கே போய் நிற்க வேண்டும் என்று தெரிந்திருக்காது.

இந்தப் பொறுப்பை ஏற்றவர்களுக்காக எழுதுகிறேன். சொல்ல வருவது ஒன்றுதான். மீட்புப் படை வந்து சேர்வதற்கு முந்தைய சில மணி நேரத்துக்காக ஆட்களைத் தயார் செய்யுங்கள். அதற்கு வேண்டியதைக் குறைவாகச் சொல்லிக் கொடுத்து, திரும்பத் திரும்பச் செய்ய வையுங்கள்.

அந்தச் சில மணி நேரம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணும் ஜல்லியும் அரித்துப்போயின, சாலைகளும் துண்டிக்கப்பட்டன. சுமார் 800 பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். வெளியிலிருந்து உதவி வந்து சேரும்வரை அவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் இருப்பது அரக்கோணத்தில். சாலை நன்றாக இருக்கும் நாளிலேயே அங்கிருந்து தாமிரபரணிக் கரைக்கு ஓர் இரவுப் பயணம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் மீனவர்கள் தங்கள் பைபர் படகுகளைக் கொண்டுவந்து தெருத் தெருவாக ஆட்களை ஏற்றினார்கள்.

ஆகவே முதலில் ஓடிவருபவர் எப்போதும் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவருக்குப் பயிற்சி இருக்கிறதா என்பதே கேள்வி. இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1985 செப்டம்பரில் மெக்சிகோ நகரில் நடந்த நிலநடுக்கத்தைச் சொல்வார்கள். எந்தப் பயிற்சியும் இல்லாத பொதுமக்கள் இடிபாடுகளுக்குள் புகுந்து 800 பேர் வரை உயிரோடு மீட்டார்கள். அந்த முயற்சியில் 100 பேருக்கு மேல் தாங்களே செத்தும் போனார்கள். லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறை அதைப் பார்த்துவிட்டுத்தான் குடிமக்களுக்கான பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. நம் பயிற்சியின் முதல் பாடமும் அங்கிருந்தே வர வேண்டும்: காப்பாற்றப் போகிறவர் இன்னொரு பாதிக்கப்பட்டவராக மாறக் கூடாது. இதைப் பலகையில் எழுதினால் போதாது, ஒவ்வொரு செயல்முறையிலும் "நான் இப்போது பாதுகாப்பாக இருக்கிறேனா?" என்று வாய்விட்டுக் கேட்கப் பழக்க வேண்டும்.

யாரைச் சேர்ப்பது?

வழக்கமாக நாம் தேடுவது கட்டுமஸ்தான இளைஞர்களை. அவர்களும் வேண்டும்தான். ஆனால் அவர்களில் பாதிப் பேர் வேலைக்குத் திருப்பூருக்கோ சென்னைக்கோ போயிருப்பார்கள். பகல் பதினொரு மணிக்கு ஊரில் யார் இருக்கிறார்கள் என்று ஒருநாள் நடந்து பாருங்கள். அங்கன்வாடிப் பணியாளர், சுய உதவிக் குழுப் பெண்கள், நூறு நாள் வேலைக்கு வந்தவர்கள், டீக்கடைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், ரேஷன் கடை ஊழியர், மெக்கானிக், ஆட்டோ ஓட்டுநர். உங்கள் குழு இவர்களிலிருந்துதான் வர வேண்டும்.

வங்கதேசத்தின் அனுபவம் இந்த இடத்தில் பெரிய பாடம். 1970-இல் போலா புயல் அங்கே 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு உருவான புயல் ஆயத்தத் திட்டத்தில் இன்று சுமார் 76,000 தன்னார்வலர்கள் இருக்கிறார்கள்; பாதிப் பேர் பெண்கள். 1991 புயலில் இறந்தவர்களில் பெண்கள் மிக அதிகம். அப்போது எச்சரிக்கை சொன்னவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். வீட்டை விட்டு வெளியேறப் பல பெண்கள் தயங்கினார்கள். இன்று ஒரு குழுவில் பத்து ஆண்கள், பத்துப் பெண்கள். எச்சரிக்கை சொல்ல, புகலிடம் பார்க்க, மீட்க, முதலுதவி செய்ய, நிவாரணம் பகிர என்று வேலையும் முன்கூட்டியே பிரித்துத் தரப்பட்டிருக்கிறது. புகலிடக் கட்டடங்களும் வானிலை அறிவிப்பும் சேர்ந்துதான் உயிரிழப்பைக் குறைத்தன. ஆனாலும் அறிவிப்பை ஒவ்வொரு வாசலுக்கும் கொண்டுபோனவர்கள் இந்தத் தன்னார்வலர்கள்.

அதையே நீங்கள் செய்யலாம். இருபது பேரைச் சேருங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையைக் கொடுங்கள். எல்லாருக்கும் எல்லாம் தெரிய வேண்டியதில்லை. மெக்கானிக்கிடம் ஜெனரேட்டரும் மோட்டாரும்; நீந்தத் தெரிந்தவரிடம் கயிறு; கணக்கு எழுதத் தெரிந்த குழுத் தலைவியிடம் முகாம் பதிவேடு; பத்துப் பேரை அதட்டிக் கூட்டி வரக்கூடிய அக்காவிடம் ஒரு தெரு. ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று ஆள் கட்டாயம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். குழுவில் ஊர்த்தெருவிலிருந்தும் காலனியிலிருந்தும் ஆட்கள் இருக்க வேண்டும், பொறுப்புகளிலும் இருக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணத்திலும் முகாம்களிலும் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டது பல அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. தண்ணீர் முதலில் புகுவதும் பெரும்பாலும் தாழ்வான இடத்தில் தள்ளிவைக்கப்பட்ட அந்தக் குடியிருப்புகளில்தான். அங்கிருந்து ஆள் இல்லாத குழு, அங்கே கடைசியாகத்தான் போகும். தேர்வின் போதே இதைச் சரிசெய்யாவிட்டால் புயலன்று சரிசெய்ய முடியாது.

ஒரு நோட்டு, ஒரு வரைபடம்

முதல் கூட்டத்தில் பாடம் எடுக்காதீர்கள். தரையில் சாக்பீஸால் ஊரை வரையச் சொல்லுங்கள். எந்த வாய்க்கால் எங்கே உடைக்கும், எந்தப் பாலத்தில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த டிரான்ஸ்பார்மர் தாழ்வில் இருக்கிறது, கலிங்கு வழிந்தால் எந்தத் தெரு முதலில் நனையும் என்பதெல்லாம் வயதானவர்களுக்கு மனப்பாடம். 2015-லோ 2023-லோ தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவரில் காட்டுவார்கள். அந்த மட்டத்தில் பெயிண்டால் கோடு போட்டு வையுங்கள்.

அடுத்து நோட்டு. தெருவாரியாக, தானாக நடந்து வெளியேற முடியாதவர்களின் பட்டியல்: படுத்த படுக்கையாக இருப்பவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், எட்டு மாதம் தாண்டிய கர்ப்பிணி, தனியாக வாழும் முதியவர், கண் தெரியாதவர், காது கேளாதவர். இதற்காக வீடு வீடாகப் புதிதாகக் கணக்கெடுக்க வேண்டாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண்ணுக்கு இந்த வீடுகள் அத்தனையும் தெரியும். கர்ப்பிணிகளின் விவரம் கிராம சுகாதாரச் செவிலியரிடம் இருக்கும். இருவரையும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். சம்பந்தப்பட்ட குடும்பத்தின் சம்மதம் கேட்டு எழுதுங்கள். நோட்டை இரண்டு பேரிடம் மட்டும் வையுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு தன்னார்வலர்களின் பெயர். "முதியோரைக் கவனித்துக்கொள்வோம்" என்று பொதுவாகத் தீர்மானம் போட்டால் யாரும் போக மாட்டார்கள். "மூன்றாம் தெரு, வேப்பமரத்து வீட்டுத் தாத்தா – முருகன், லட்சுமி" என்று எழுதினால் இருவரும் போவார்கள்.

ஊருக்கு ஊர் ஆபத்து வேறு என்பதும் இந்த வரைபடத்திலேயே தெரிந்துவிடும். நீலகிரியில் மண்சரிவு, டெல்டாவில் புயல், சிவகாசிப் பக்கம் வெடி விபத்து. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது மக்கள் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் வீடுகளை விட்டு வெளியே வந்தார்கள். ஆலைக்கு அருகில் இருக்கும் தெருக்களில் காற்று வீசும் திசையைப் பார்த்து, வாயு வரும் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலகிப் போவதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும். வெள்ளப் பாடம் அங்கே இரண்டாவது.

எதைச் சொல்லிக் கொடுப்பது?

ஒரு நாளுக்கு இரண்டு திறன், அதற்கு மேல் வேண்டாம். பேச்சு கால் மணி நேரம், மீதியெல்லாம் கை வேலை. வெள்ளமும் புயலும் வரும் ஊருக்கு நான் முதலில் வைப்பவை இவை.

கயிறு வீச்சு. பதினைந்து மீட்டர் மிதக்கும் பிளாஸ்டிக் கயிறு. ஒரு முனையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டில். பாட்டிலின் கனம் கயிற்றைத் தூரம் கொண்டுபோகும், உள்ளே இருக்கும் காற்று மிதக்க வைக்கும். பள்ளி மைதானத்தில் பத்து மீட்டர் தள்ளி ஒருவரை உட்கார வைத்து, வீசச் சொல்லுங்கள். முதல் வீச்சு கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஆளுக்கு முன்னாலேயே விழும், ஏனென்றால் கண் ஆளைப் பார்க்கிறது, கை அவரிடம் போட நினைக்கிறது. ஆளைத் தாண்டி, அவர் தோளுக்கு மேலாக விழும்படி வீசினால்தான் கயிறு அவர் மேல் படியும். கயிற்றின் மறுமுனையை இடுப்பிலோ மணிக்கட்டிலோ கட்டிக்கொள்ளக் கூடாது. மிதித்துப் பிடிக்கலாம், மரத்தைச் சுற்றிப் பிடிக்கலாம். இரண்டாவது சுற்றில் வீசுபவருக்கு வேறெதுவும் கேட்காதபடி, அவரைச் சுற்றி நின்று நான்கு பேர் கத்துங்கள். வெள்ளத்தன்று அப்படித்தான் இருக்கும்.

தண்ணீருக்குள் இறங்குவது கடைசி வழி. கம்பை நீட்டு, கயிற்றை வீசு, மிதவை கொடு, படகு கொண்டு போ, இவை எதுவும் முடியாதபோதுதான் பயிற்சி பெற்றவர் இறங்கலாம். ஓடும் தண்ணீர் வெறும் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே பெரிய ஆளைத் தள்ளிவிடும், 60 செ.மீ. காரை இழுத்துக்கொண்டு போகும். இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், எனவே வாய்க்கால் ஓடும் நாளில் கரையில் நின்று காட்டுங்கள். மிதவைக்குக் கடைக்குப் போக வேண்டாம். காலியான 20 லிட்டர் தண்ணீர் கேனை இறுக மூடி அணைத்துக்கொண்டால் ஒருவர் தலை தண்ணீருக்கு மேல் நிற்கும். லாரி டியூப் அதைவிட நல்லது. தண்ணீரில் நேரடிப் பயிற்சி என்றால் தீயணைப்பு நிலையத்தாரை வைத்துக்கொண்டு, இடுப்பளவு ஆழத்தில் மட்டும்.

தூக்குக் கட்டில். ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு மூங்கில் கழி, இரண்டு கோணிச் சாக்கு. சாக்கின் அடி மூலைகள் இரண்டையும் கத்தரித்து, கழிகளை உள்ளே விட்டால் ஐந்து நிமிடத்தில் தயார். சாக்கு இல்லையென்றால் பட்டன் போட்ட நான்கு முரட்டுச் சட்டை. செய்து முடித்ததும் செய்தவரே அதில் படுக்க வேண்டும் என்று விதி வையுங்கள். அப்போது கவனம் தானாக வரும். தலைமாட்டில் நிற்பவர்தான் கட்டளை சொல்ல வேண்டும்: "ஒன்று, இரண்டு, தூக்கு." சமதரையில் கால் முன்னே போக வேண்டும், மேடு ஏறும்போது தலை முன்னே. விழுந்து முதுகெலும்பிலோ கழுத்திலோ அடிபட்டவரை, உடனடி ஆபத்து இல்லாதவரை, 108 வரும்வரை நகர்த்த வேண்டாம்.

மார்பு அழுத்தம். மூச்சும் அசைவும் இல்லாதவருக்கு மார்பின் நடுவே, இரண்டு அங்குல ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. பொம்மை வாங்கப் பணம் இல்லாவிட்டால் பஞ்சு இறுக்கிய மூட்டையில் பழகலாம். ஆனால் முதல் முறை 108 ஊழியரோ செஞ்சிலுவைச் சங்கப் பயிற்சியாளரோ நேரில் வந்து கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். இரண்டு நிமிடத்தில் கை தளர்ந்துவிடும் என்பதை ஒவ்வொருவரும் உடலால் உணர வேண்டும், அப்போதுதான் ஆள் மாற்றும் பழக்கம் வரும். நீரில் மூழ்கியவர் என்றால் மூச்சு ஊதுவதும் சேர்ந்தே தேவை. அதையும் அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள்.

கற்றுக்கொடுப்பதைவிட மறக்க வைப்பது பெரிய வேலை. குளத்திலிருந்து எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது. பாம்பு கடித்த இடத்துக்கு மேல் கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது. தீக்காயத்தில் இட்லி மாவு, பற்பசை, பேனா மை தடவுவது. இவை எல்லாம் அன்பால் செய்யப்படுபவை, அதனால்தான் விடுபடுவது கஷ்டம். செய்தவர்களைக் கேலி செய்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "எங்கள் வீட்டில் என்ன செய்வார்கள்?" என்று ஒவ்வொருவரையும் சொல்ல வைத்துவிட்டு, அதனால் என்ன கெடுதல் என்று விளக்குங்கள். மூழ்கிய பிள்ளையைச் சுற்றும் நேரம் முழுதும் மூளைக்குப் பிராணவாயு போகவில்லை. பாம்புக்கடிக்கு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் கட்டை வைத்து, நடக்க விடாமல், விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டு போவதுதான் வைத்தியம். தீக்காயத்துக்கு இருபது நிமிடம் ஓடும் குளிர்ந்த தண்ணீர், ஐஸ் வேண்டாம்.

மின்சாரத்தை விட்டுவிடாதீர்கள். நம் மழை வெள்ளங்களில் அறுந்த கம்பியும் நனைந்த சுவரும் ஆட்களைக் கொல்கின்றன. அறுந்து விழுந்த கம்பியிலிருந்து பத்து மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும், மற்றவர்களையும் தடுத்து நிறுத்த வேண்டும், மின்வாரியத்தின் மின்னகம் எண்ணுக்கு, 94987 94987, சொல்ல வேண்டும். குழுவினரின் வேலை அவ்வளவுதான். மின்சாரம் துண்டிக்கப்பட்டதை வாரிய ஊழியர் உறுதி சொல்லும்வரை காய்ந்த குச்சியால்கூடத் தொடக் கூடாது. அதே போல, பயிற்சி இல்லாதவர் கையில் மரம் அறுக்கும் இயந்திரத்தைக் கொடுக்காதீர்கள். புயல் ஓய்ந்த மறுநாள் காயங்களுக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

எச்சரிக்கையைக் கொண்டுபோவது

2004 டிசம்பர் 26 காலை, புதுச்சேரியின் நல்லவாடு மீனவர் கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். கடல் வருகிறது, ஊரைக் காலி செய்யுங்கள் என்றார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை அந்த ஊரில் வைத்திருந்த அறிவு மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் தப்பியது. அந்த ஒலிபெருக்கியில் அதுவரை அன்றாடம் அலை உயரமும் கடல் நிலவரமும் சொல்லப்பட்டு வந்தன. ஆகவே அதில் வரும் குரலை நம்பும் பழக்கம் ஊருக்கு ஏற்கெனவே இருந்தது. அதே நாளில் கடலூர் மாவட்டம் சாமியார்பேட்டையில், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையுடன் முன்பே மீட்பும் முதலுதவியும் பழகியிருந்த ஊர்க் குழுவினர் அலையில் சிக்கியவர்களை வெளியே எடுத்தார்கள்; பக்கத்து ஊர்களைவிட அங்கே உயிரிழப்பு குறைவு.

எனவே பேரிடருக்கென்று தனியாக ஒரு சைரன் வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள். தினமும் பேசும் கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகளைப் பயன்படுத்த அவர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். மின்சாரம் போனால் கை மெகாபோன். அதுவும் போனால் சைக்கிளில் ஆள். வாட்ஸ்அப் குழு நல்லதுதான், ஆனால் 2015-இல் சென்னையிலும் 2018-இல் கஜா புயலின்போது டெல்டாவிலும் செல்பேசிக் கோபுரங்கள் செயலிழந்தன என்பதை மறக்க வேண்டாம்.

வானிலை மையம் சொல்வதை ஊர் மொழியில் சொல்லத் தெரிய வேண்டும். அதி கனமழை என்றால் 20 செ.மீ.-க்கு மேல். அந்த மழைக்கு உங்கள் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று சுவரில் போட்ட கோடு சொல்லும். புயலின் கண் கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும். முடிந்துவிட்டது என்று வெளியே வந்தவர்களை எதிர்த்திசைக் காற்று வந்து அடிக்கும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னையைக் கடந்தபோது அந்த இடைவெளியை நகரமே பார்த்தது.

சொன்னாலும் கிளம்பாதவர்கள் இருப்பார்கள். இதற்கு நடித்துப் பழகுவதுதான் வழி. ஒரு தன்னார்வலர் ஆயாவாக உட்காரட்டும்:

"ஆயா, புயல் ராத்திரிக்குள்ள கரையக் கடக்குதாம். வாங்க, பள்ளிக்கூடத்துக்குப் போயிடலாம்."

"மாட்ட யாருகிட்ட விட்டுட்டு வர்றது? நீ போ தம்பி."

"மாட்டுக்கு மேட்டுக் களத்துல எடம் பாத்தாச்சு ஆயா. நம்ம செல்வம் ஓட்டிட்டுப் போறான். நீங்க ரேஷன் கார்டு, பட்டா, பிரஷர் மாத்திரை மூணையும் பையில போடுங்க. வீட்ட நான் பூட்டுறேன், சாவி உங்க கையிலதான்."

பயமுறுத்தி அழைத்தால் ஆயா வர மாட்டார். அவரைக் கட்டிப்போட்டிருப்பது மாடும் பத்திரமும் பூட்டும். அந்த மூன்றுக்கும் பதில் வைத்திருந்தால் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார். பதில் உண்மையாகவும் இருக்க வேண்டும்: களத்தில் இடம் பார்க்காமல் பார்த்ததாகச் சொன்னால் அடுத்த புயலுக்கு உங்கள் குழுவை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒத்திகை

மாதம் ஒருமுறை இருபது நிமிடம். ஆண்டுக்கு ஒருமுறை நாள் முழுக்க நடத்தும் விழாவைவிட இது பல மடங்கு பயன் தரும். முதல் இரண்டு ஒத்திகைகளைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அப்புறம் சொல்லாமல். ஒன்றையாவது இருட்டிய பிறகு, மழைத் தூறலில் செய்யுங்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறியுங்கள்: அறிவிப்பு கடைசி வீட்டை எட்ட எத்தனை நிமிடம், வேப்பமரத்து வீட்டுத் தாத்தா பள்ளிக்கூடத்துக்கு வர எத்தனை நிமிடம். பள்ளிக்கூடச் சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியில் பல ஒத்திகைகள் நின்றுபோகும். நின்றுபோகட்டும், அதற்குத்தானே ஒத்திகை.

108-க்கு அழைப்பதையும் நடித்துப் பழகுங்கள். ஊர், தெரு, அடையாளம், எத்தனை பேருக்கு அடி, வண்டி எந்த வழியாக வர முடியும், திரும்ப அழைக்க எண். அந்தப் பக்கம் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்கக் கூடாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, பொது அவசர எண் 112. இந்த மூன்றும் ரேஷன் கடைச் சுவரில் எழுதப்பட வேண்டும்.

நாள் குறிப்பதில் ஊரின் போக்கைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருப்பார்கள். டெல்டாவில் நடவு, அறுவடை நாட்களைத் தவிருங்கள். தினக்கூலிக்காரரை ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கூப்பிடுங்கள், அல்லது அன்றைய கூலியைக் கொடுங்கள். சாப்பாடு போட்டால் போதும் என்று நினைப்பது அவருடைய நேரத்தை மதிக்காததாகும்.

காகித வேலை

எவரையும் கேட்காமல் தனிக் குழு நடத்தாதீர்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். உங்கள் பட்டியலை வட்டாட்சியர் அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் எழுத்து மூலம் கொடுத்து, வருவாய்த் துறையின் முதல்நிலைப் பொறுப்பாளர்களோடு இணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புயலன்று உங்கள் ஆட்களைப் போலீஸார் தடுக்காமல் இருக்கவும், முகாம் அரிசி உங்கள் பதிவேட்டுக்கு வரவும் இந்த ஒரு கடிதம் தேவைப்படும்.

துடிப்பான இரண்டொருவரை ஆப்த மித்ரா பயிற்சிக்கு அனுப்புங்கள். 2016-இல் 30 மாவட்டங்களில் தொடங்கி, பின்னர் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்கள் என விரிவாக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டம் அது. பன்னிரண்டு நாள் பயிற்சி, மீட்பு உபகரணப் பை, காப்பீடு உண்டு. என்.சி.சி., என்.எஸ்.எஸ்., சாரணர் இயக்க இளைஞர்களுக்கு யுவ ஆப்த மித்ரா என்று தனியாகவும் வந்திருக்கிறது. காப்பீடு என்ற சொல்லைக் கவனியுங்கள்: உங்கள் இருபது பேருக்கும் குறைந்தபட்சம் ஒரு குழு விபத்துக் காப்பீடு எடுக்காமல் தண்ணீர்ப் பக்கம் அனுப்பக் கூடாது. டெட்டனஸ் ஊசி முன்பே போட்டிருக்க வேண்டும். வெள்ளத்தில் வேலை செய்தபின் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கப் பலரும் போலீஸ் தொல்லைக்கு அஞ்சுகிறார்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவரை வழக்கிலிருந்து காக்கிறது. பெயர் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. இந்த ஒரு தகவலே சிலரை முன்னே வரச் செய்யும்.

உங்கள் தொழிலுக்கு

இந்த வேலையை நன்றாகச் செய்பவர்களுக்குத் தேவை இருக்கிறது. தொழிற்சாலைகளின் பாதுகாப்புப் பிரிவு, தொண்டு நிறுவனங்கள், மருத்துவமனைகள், மாவட்ட அளவிலான பேரிடர்த் திட்டங்கள் எல்லாம் ஊரோடு பேசத் தெரிந்த பயிற்சியாளரைத் தேடுகின்றன. படிப்பு வேண்டுமென்றால் இக்னோவில் தொலைதூரக் கல்வி உண்டு. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் பேரிடர் மேலாண்மையில் முதுகலை உண்டு. டெல்லி தேசியப் பேரிடர் மேலாண்மை நிறுவனம் குறுகிய பயிற்சிகளை நடத்துகிறது. நேர்முகத் தேர்வில் "500 பேருக்குப் பயிற்சி அளித்தேன்" என்பதைவிட, "முதல் ஒத்திகையில் கடைசி வீட்டுக்கு அறிவிப்பு போய்ச் சேர இவ்வளவு நேரம், ஆறாவது ஒத்திகையில் இவ்வளவு, நடுவில் இதை மாற்றினோம்" என்று நோட்டைத் திறந்து காட்டுவது எடுபடும். அதனால் நோட்டை முதல் நாளிலிருந்தே எழுதுங்கள்.

மழை ஓய்ந்த பிறகு

எட்டு மணி நேரத்துக்கு மேல் யாரையும் தொடர்ந்து வேலையில் வைக்காதீர்கள். வீட்டுக்கே போகாமல் நிற்பவரைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவர் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருக்கும். சடலம் எடுத்தவர்களையும் பிள்ளையைக் காப்பாற்ற முடியாமல் போனவர்களையும் தனியாக விடாதீர்கள். ஒரு வாரத்துக்குள் குழுவாக உட்கார்ந்து நடந்ததைப் பேசுங்கள், குற்றம் சாட்டாமல். தூக்கம் வராதவர், சாப்பிடாதவர், திடீரென்று குடிக்க ஆரம்பித்தவர் இருந்தால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் உடன் போங்கள்.

ஜனவரியில் கயிறுகளை வெயிலில் உலர்த்தி, நைந்ததை வெட்டி எறியுங்கள். டார்ச் பேட்டரிகளைக் கழற்றி வையுங்கள். நோட்டில் இறந்தவர், குடிபெயர்ந்தவர், புதிதாகக் கர்ப்பமானவர் பெயர்களைத் திருத்துங்கள். குழுவிலிருந்து விலகியவரைக் கூப்பிட்டுக் காரணம் கேளுங்கள். பெரும்பாலும் கூலி, அல்லது யாரோ பேசிய ஒரு சொல். இரண்டையும் அடுத்த பயிற்சிக்குள் சரிசெய்துவிடலாம். மாற்று ஆட்களிலிருந்து இரண்டு பேரை முதல் வரிசைக்கு ஏற்றி, அவர்கள் கையில் கயிற்றைக் கொடுத்துப் பழக்கத் தொடங்குங்கள்.